டோல்கேட்டில் நிற்கும் பேருந்து, நிற்காமல் போகும் கார்: உங்கள் அனுபவம் என்ன?

ஜன்னலோர சீட்:

ஊருக்கும் சென்னைக்கும் அரசுப் பேருந்திலேயே போய் வருகிறவள் நான். கார் இல்லை, வாங்கும் எண்ணமும் இல்லை. டோல் கட்டணம் ஏறினால் அது கார்க்காரர்கள் கவலை என்றுதான் பேருந்தில் வருகிற பலரும் நினைக்கிறார்கள். ஒரு மழை ராத்திரியில் நடந்ததைச் சொல்கிறேன்.

வழியில் ஒரு சாவடி. வண்டி ஃபாஸ்டேக் பாதைக்குள் போய்விட்டது, தடுப்புக் கம்பி ஏறவில்லை. டிரைவர் கொஞ்சம் பின்னால் எடுத்து மறுபடி முன்னால் விட்டுப் பார்த்தார். ம்ஹூம். சாவடிப் பையன் குடையோடு வந்து, கையிலிருந்த ஸ்கேனரைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த டேக்கில் காட்டிவிட்டு, "பேலன்ஸ் இல்லண்ணே, ஓரம் கட்டுங்க" என்றான். பின்னால் ஒரே ஹாரன். நடத்துநர் டிப்போவுக்குப் போன் போட்டார். அங்கே எடுத்தவர் வேறொரு நம்பரைக் கொடுத்தார். தூக்கக் கலக்கத்தில் ஒரு பெரியவர், "டிக்கெட்டுக்கு முழுக் காசு வாங்கிட்டீங்கல்ல, அதுலேருந்து கட்டிட்டுக் கிளப்புங்க" என்று சத்தம் போட்டார். நடத்துநர் வாயே திறக்கவில்லை. பக்கத்துப் பாதையில் ஒற்றை ஆள் உட்கார்ந்த கார்கள் போய்க்கொண்டே இருந்தன. எங்கள் வண்டியில் நின்றுகொண்டு வந்தவர்களையும் சேர்த்தால் ஐம்பதுக்கு மேல். யாரோ எங்கிருந்தோ டேக்கில் பணம் ஏற்றிய பிறகுதான் கம்பி தூக்கியது.

அப்புறம் இந்தக் கட்டணத்தை எப்படிப் போடுகிறார்கள் என்று தேடிப் படித்தேன். 2008-ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளில் அடிப்படைத் தொகை கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று இருக்கிறது. காருக்கு 65 காசு. பேருந்துக்கு 2 ரூபாய் 20 காசு, இரண்டு அச்சு லாரிக்கும் அதேதான். ஐம்பது பேரை ஏற்றி வருகிற வண்டியும் ஐம்பது மூட்டை ஏற்றி வருகிற வண்டியும் விதியின் கண்ணுக்கு ஒன்று. இது சரியா? உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்.

ஓட்டுவேன் ஆனால் திட்டுவேன்:

கார் வைத்திருக்கிறவன் பக்கத்தையும் கேளுங்கள். 65 காசை ஒரு ஆளும் 2.20-ஐ ஐம்பது பேரும் கட்டுகிறார்கள். தலைக்கு வகுத்தால் உங்களுக்கு நாலரைக் காசு கூட வராது. இதில் யாருக்கு அநியாயம்?

சரி, என் அனுபவம். 2025 ஆகஸ்ட் 15 அன்று வந்த வருடாந்தர பாஸை வாங்கினேன். அப்போது 3,000 ரூபாய், ஒரு வருடம் அல்லது 200 முறை சாவடி தாண்டுவது, எது முதலில் முடிகிறதோ அதுவரை. சொந்த உபயோகக் கார், ஜீப், வேன்களுக்கு மட்டும். பாஸ் எடுப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. ஷோரூமில் ஒட்டிக் கொடுத்த டேக்கில் வண்டியின் சேஸிஸ் நம்பர்தான் பதிவாகியிருந்தது. பதிவெண் ஏறாத டேக்குக்குப் பாஸ் கிடையாது. டேக் கொடுத்த வங்கியோ ஆர்.சி. புத்தகத்தின் படத்தை அனுப்பு, மறுபடி அனுப்பு, தெளிவாக அனுப்பு என்று இழுத்தடித்தது. புதுக் கார் எடுத்தவர்கள் முதலில் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கிடைத்த பிறகு லாபம்தான். ஒரு சாவடிக்கு 15 ரூபாய் விழுகிறது. சென்னையிலிருந்து திருச்சிக்குப் பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம் என்று ஆறு. ஒவ்வொன்றும் ஒரு முறை என்று கழியும், திரும்பி வருவதற்குத் தனியாகக் கழியும். அப்படியும் பதினாறு தடவை போய்வரலாம். மாநில நெடுஞ்சாலைச் சாவடிகளில் இந்தப் பாஸ் செல்லாது, அதையும் நினைவில் வையுங்கள்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் தனியாகப் போவதென்றால் பேருந்தோ ரயிலோதான். இப்போது கையில் பாஸ் இருக்கிறது, காலாவதி ஆவதற்குள் தீர்க்க வேண்டுமே என்று காரையே எடுக்கிறேன். என்னைப் போல் எத்தனை பேரோ.

பை, விசில், பென்சில்:

தம்பி, தலைக்கு நாலரைக் காசு என்ற கணக்கு சரி. ஆனால் அந்தக் காசு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நான் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன்.

டோல் கட்டணம் ஆண்டுதோறும் தானாக ஏறும். 3 சதவீதம் நிலையான உயர்வு, அதன் மேல் மொத்தவிலைக் குறியீட்டு உயர்வில் 40 சதவீதம். யாரும் கையெழுத்துப் போட யோசிக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் சில சாவடிகளில் ஏப்ரலிலும் மற்றவற்றில் செப்டம்பரிலும் புது அட்டை மாட்டிவிடுவார்கள். அரசுப் பேருந்துக் கட்டணம் கடைசியாக ஏறியது 2018 ஜனவரியில். அதையும் எதிர்ப்பு வந்து அதே மாதம் கொஞ்சம் குறைத்தார்கள். ஒரு பக்கம் நின்றுபோய், மறுபக்கம் ஏறிக்கொண்டே இருந்தால் நடுவில் இருக்கிற இடைவெளியை அரசுப் போக்குவரத்துக் கழகம்தான் சுமக்க வேண்டும்.

சுமந்த கதை எல்லாருக்கும் தெரியும். 2025 ஜூலையில் கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர், நாங்குநேரி ஆகிய நாலு சாவடிகளுக்கும் சேர்த்துப் போக்குவரத்துக் கழகங்கள் 276 கோடி ரூபாய் பாக்கி வைத்திருப்பதாக வழக்கு. அரசுப் பேருந்துகளை அந்த நாலு சாவடி வழியாக விடக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. அரசுத் தரப்பு அவகாசம் கேட்டதும் அது நிறுத்திவைக்கப்பட்டது. மதுரைக்குத் தெற்கே அந்த இரண்டு நாளும் டிப்போக்களில் இதே பேச்சுதான்.

வசூலிலிருந்து கட்டச் சொன்ன அந்தப் பெரியவருக்கும் சொல்ல வேண்டும். பையில் இருக்கிற வசூல் நடத்துநரின் காசு இல்லை. கணக்கில் ஒரு ரூபாய் இடித்தாலும் அவன்தான் பதில் சொல்லியாக வேண்டும். அவர் வாயைத் திறக்காததன் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

சாவடிக்குப் பக்கத்து வீடு:

எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் சாவடி தெரியும். 20 கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு மாதாந்தரப் பாஸ் உண்டு, 2025-26-ல் 350 ரூபாய். முகவரிச் சான்றைக் கொடுத்தால் போதும் என்றார்கள். ஆதாரில் பழைய கிராமத்துப் பெயர், ஆர்.சி. புத்தகத்தில் புதுத் தெருப் பெயர். அலுவலகத்தில் இருந்தவர் இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கல்யாணப் பொருத்தம் பார்ப்பது போலப் பார்த்தார். பொருந்தவில்லை.

நகராட்சி எல்லையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் சாவடி வரக்கூடாது, ஒரே திசையில் இரண்டு சாவடிகளுக்கு நடுவே 60 கிலோமீட்டர் வேண்டும் என்று அதே 2008 விதிகளில்தான் இருக்கிறது. விதிவிலக்குகளும் அதிலேயே இருக்கின்றன. திருமங்கலத்துக்காரர்கள் தங்கள் ஊரை ஒட்டியிருக்கும் கப்பலூர்ச் சாவடியை எதிர்த்து எத்தனை வருடமாகப் போராடினார்கள் என்று தென்மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மில் ஷிப்ட்:

காரைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்களுக்கு டோல்கேட் என்றால் பஸ் ஸ்டாப். பைபாஸ் வந்ததிலிருந்து தூரத்து வண்டிகள் ஊருக்குள் வருவதில்லை. சாவடியில் வேகம் குறையும் என்பதால் அங்கேயே நின்று கை காட்டி ஏறுகிறோம். நிழற்குடை இல்லை, கழிப்பறை எதிர்ப்பக்கம். லாரிகளுக்கு நடுவே சாலையைக் கடக்க வேண்டும். ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும் பெண்கள் அந்த மஞ்சள் விளக்கு வெளிச்சத்தை விட்டு ஒரு அடி நகர மாட்டார்கள்.

2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது எங்கள் மில்லில் பலருக்கு மாதக் கடைசி கொஞ்சம் லேசானது. அந்த இலவசப் பிங்க் பஸ் வந்தால் ஏறுவோம், வராவிட்டால் காசு கொடுத்து எக்ஸ்பிரஸ். நான் போகும் டவுன் பஸ்ஸும் சாவடியைத் தாண்டித்தான் போகிறது. என் டிக்கெட்டுக்கு மாநில அரசு கழகத்துக்குப் பணம் கொடுக்கிறது, அந்த வண்டிக்கு மத்திய அரசின் நெடுஞ்சாலை விதி டோல் கேட்கிறது. இரண்டு அரசுகளும் உட்கார்ந்து பேசினால் தீராதா?

ஓட்டுவேன் ஆனால் திட்டுவேன்:

அக்கா, நீங்கள் சொன்னதற்குப் பிறகு என் நாலரைக் காசுக் கணக்கை நானே இன்னொரு தடவை போட்டுப் பார்க்கிறேன். பேருந்துக்கும் மாதப் பாஸ் உண்டுதானே ஐயா? 50 முறைக்கு மூன்றில் இரண்டு பங்கு கட்டணம் என்று விதியில் பார்த்தேன்.

பை, விசில், பென்சில்:

உண்டு தம்பி. ஆனால் ஒரு சாவடியை நாளுக்கு நாலு முறை தாண்டுகிற வண்டிக்கு அந்த 50 பதிமூன்றாம் நாளே தீர்ந்துவிடும். காருக்கு வருடப் பாஸ் கொடுத்தவர்கள் வழித்தடப் பேருந்துக்கு என்று ஒரு தனி வகை எழுதியிருக்கலாம். குடியரசுத் தலைவர் முதல் ஆம்புலன்ஸ் வரை விலக்குப் பட்டியல் நீளமாக இருக்கிறது, அதில் அரசுப் பேருந்து இல்லை.

ஜன்னலோர சீட்டுக்கு ஒரு தகவல். டேக்கில் பணம் இருந்தும் சாவடியின் கருவி படிக்காவிட்டால் கட்டணமில்லாமல் விட வேண்டும், பூஜ்யம் என்று அச்சிட்ட ரசீதும் தர வேண்டும். 2018 முதல் விதி அது. மறுத்தால் 1033-க்குக் கூப்பிடலாம். டேக்கில் பணமே இல்லையென்றால் அது நடக்காது. 2025 நவம்பர் 15-ல் வந்த திருத்தத்தில், ரொக்கமாகக் கட்டினால் இரண்டு மடங்கு, யு.பி.ஐ.யில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு என்று வைத்தார்கள். அடுத்த முறை உங்கள் வண்டி நின்றால், டிரைவரிடம் முதலில் இதைக் கேளுங்கள்: கருவி படிக்கவில்லையா, டேக்கில் பணம் இல்லையா?