மறு: நூலக அடுக்குகளில் 'பிரவுஸ்' செய்வதற்குச் சொல்

> உலாவல் என்றே போட்டுவிடலாம். மேய்தல் என்றால் நுனிப்புல் மேய்வதுதான் நினைவுக்கு வரும்.

அண்ணா, வணக்கம்.

உலாவல் வேண்டாம் என்பேன். உலாவியை பிரவுசருக்குக் கொடுத்தாயிற்று. அலமாரி முன்னால் நின்று தலையைச் சாய்த்து ஒவ்வொரு புத்தக முதுகாகப் படித்துக்கொண்டே போவதற்கும் அதே சொல் என்றால் குழப்பம்தான்.

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பொது நூலகங்களில் வாசகர் அலமாரிப் பக்கமே போக முடியாது. பட்டியலில் எண்ணைத் தேடி, கவுன்டரில் இருக்கும் 'இண்டிகேட்டர்' பலகையில் அந்த எண்ணுக்கு நேரே என்ன நிறம் என்று பார்த்து, புத்தகம் உள்ளே இருந்தால் கேட்டு வாங்க வேண்டும். 1894இல் லண்டன் கிளர்க்கன்வெல் நூலகத்தில் நூலகர் ஜேம்ஸ் டஃப் பிரவுன் வாசகரை அலமாரி வரை உள்ளே விட்டார், திருட்டுப் போகும் என்று எதிர்ப்பு வந்தது. சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் நூலகர் எஸ்.ஆர். ரங்கநாதனும் அலமாரியைத் திறந்துவிட்டார். இப்போது நாம் கட்டுகிற மெய்நிகர் நூலகத்தில் என்ன இருக்கிறது? ஒரு தேடல் பெட்டி. பெயர் தெரிந்தவருக்குத்தான் புத்தகம். வாசகரை மறுபடியும் அந்தப் பலகை முன்னால் நிறுத்திவிட்டோம்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். காங்கேயம் பக்கம் கிளுவை வேலி போட்ட கொறங்காடு, அதாவது மேய்ச்சல் காடு, பார்த்திருப்பீர்கள். கட்டுத்தரையில் சோளத்தட்டு போட்டால் மாடு போட்டதைத்தான் தின்னும், கொறங்காட்டில் விட்டால் கொழுக்கட்டைப்புல்லை மேய்ந்துகொண்டே போய் வெள்வேல மரத்தடியில் விழுந்து கிடக்கிற காயையும் பொறுக்கித் தின்னும். நுனிப்புல் பழமொழி அரைகுறையாகப் படிப்பவரைத்தான் குறை சொல்கிறது, மேய்ச்சலை அல்ல. நம் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது வந்த 1948 நூலகச் சட்டத்தால்தான் எங்கள் ஊர் வரைக்கும் கிளை நூலகம் வந்தது. அங்கே கிணற்றுப் பாசனம் பற்றித் தேடப் போய், பக்கத்தில் இருந்த மண்வளப் புத்தகத்தை எடுத்து வந்தவன் நான். அப்படி ஒரு புத்தகம் இருப்பதே அன்றுவரை எனக்குத் தெரியாது.

அதனால் என் முன்மொழிவு 'அடுக்கு மேய்ச்சல்'. ஒவ்வொரு நூலின் பக்கத்திலும் ஒரு பொத்தான், அழுத்தினால் பகுப்பெண் (பொருள்வாரியாக நூலுக்குத் தரும் எண்) வரிசையில் முன்னால் பத்து, பின்னால் பத்து முதுகுகள் தெரிய வேண்டும். பொத்தானில் இடம் போதாவிட்டால் 'மேய்ச்சல்' மட்டும் போடலாம். 'மேய்' என்று போட்டால் மாட்டை அதட்டுவது போல இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள் அண்ணா, இடைமுகக் கோப்பில் மாற்றிவிடுகிறேன்.