பிளஸ் டூவில் ஃபெயில், பி.காமில் 51%: மூன்று வருட எல்.எல்.பி. கிடைக்குமா?

விருதுநகர்க்காரன்:
வணக்கம். பிளஸ் டூ படித்த வருடம் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய்விட்டது, கடையை நான்தான் பார்த்துக்கொண்டேன். ஆங்கிலத்தில் ஃபெயிலாகி, துணைத் தேர்வு எழுதித்தான் பாஸ் செய்தேன். பி.காமில் முதல் இரண்டு வருடமும் அரியர்தான். கடைசி வருடம் எல்லாவற்றையும் முடித்ததில் மொத்தம் 51 சதவீதம் வந்தது. இப்போது வயது 29, ஆடிட்டர் ஆபீசில் வேலை. ஜிஎஸ்டி நோட்டீசுக்குப் பதில் தயாரிக்கிற வேலை பார்த்துப் பார்த்தே வக்கீலாக வேண்டும் என்ற ஆசை வலுத்துவிட்டது. அரசு சட்டக் கல்லூரியில் இடம் கிடைக்குமா? அரியர் ஹிஸ்டரி பார்ப்பார்களா? தொலைதூரக் கல்வியில் எம்.காம். முடித்து நல்ல மார்க் எடுத்தால் உதவுமா? அப்புறம், வெளிமாநிலத்தில் வகுப்புக்கே போகாமல் எல்.எல்.பி. முடிக்கலாம், பணம் கட்டினால் போதும் என்று மாமா ஒருவர் சொல்கிறார்.

வக்கீல் அக்கா:
தம்பி, கதவு மூடவில்லை. வக்கீல்களையும் சட்டப் படிப்பையும் ஒழுங்குபடுத்துகிற பார் கவுன்சிலின் 2008 விதிகளின்படி பொதுப் பிரிவுக்குப் பட்டப்படிப்பில் 45 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி.க்கு 40 இருந்தால் விண்ணப்பிக்கலாம், அதைத் தாண்டிவிட்டீர்கள். ஆனால் விண்ணப்பிக்கத் தகுதி இருப்பது வேறு, சீட் கிடைப்பது வேறு. அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் நடத்தும் சேர்க்கையில் நுழைவுத் தேர்வு கிடையாது, பட்டப்படிப்பு மார்க்கை வைத்து இனவாரியாக ரேங்க் போடுகிறார்கள். 70, 80 எடுத்தவர்களுக்குப் பின்னால்தான் 51 நிற்கும். அரியர் எத்தனை இருந்தது என்பதற்காக ரேங்க் குறையாது, மொத்த மார்க்தான் கணக்கு. பிளஸ் டூ மார்க் ஐந்து வருடப் படிப்புக்குத்தான் பார்ப்பார்கள்; உங்களுக்கு பாஸ் ஆனதற்கான சான்று போதும். எம்.காமுக்காக இரண்டு வருடத்தைச் செலவழிக்காதீர்கள், ரேங்குக்கு எடுப்பது இளநிலை மார்க்கைத்தான். மூன்று வருடப் படிப்புக்கு இங்கே வயது வரம்பும் இல்லை.

தேனிப் பக்கம்:
நான் அரசு சட்டக் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். சென்னைப் பக்கம், கோவை, மதுரை என்று மட்டும் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள் அண்ணா. 2017இல் வந்த ராமநாதபுரம், தர்மபுரி, விழுப்புரம், 2019இல் வந்த தேனி, நாமக்கல், சேலம் எல்லாவற்றையும் சேருங்கள், கலந்தாய்வில் கடைசிச் சுற்று வரை விடாதீர்கள். ஆங்கிலம் பற்றிப் பயம் இருந்தால், பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம், என் வகுப்பில் பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். தீர்ப்புகளை மட்டும் ஆங்கிலத்தில் படித்துப் பழக வேண்டும், அதை இன்றைக்கே ஆரம்பித்துவிடுங்கள், தினமும் ஒரு பக்கம் போதும்.

இன்னொரு வழி, பழைய மார்க்கை வைத்து ரேங்க் போடாத இடங்கள். டெல்லி பல்கலைக்கழக எல்.எல்.பி.க்கு க்யூட் பி.ஜி. என்ற அகில இந்திய நுழைவுத் தேர்வு, பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம் கேட்கிறார்கள், உங்களுக்கு ஒரு புள்ளி மிச்சம் இருக்கிறது. ஆந்திரா, தெலங்கானாவில் லாசெட் என்ற சட்ட நுழைவுத் தேர்வு, 90 நிமிடத்தில் 120 கேள்வி. பி.காமில் கோட்டைவிட்டதை இந்த மாதிரித் தேர்வில் ஈடுகட்ட முடியும்.

விருதுநகர்க்காரன்:
ரொம்ப நன்றி. அப்போது மாமா சொல்வது? வேலையை விடாமல் படிக்க வழி இருக்கிறதா என்றுதான் யோசிக்கிறேன், வீட்டில் என் சம்பளம்தான்.

வக்கீல் அக்கா:
அந்த வழி வேண்டவே வேண்டாம் தம்பி. எல்.எல்.பி. முழுநேரப் படிப்பு, 70 சதவீத வருகை இல்லாமல் பரீட்சை எழுத முடியாது என்பது பார் கவுன்சில் விதி. வகுப்பே நடத்தாமல் பெயரளவுக்கு இருக்கிற லெட்டர்பேட் கல்லூரிகளைச் சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்திருக்கிறது. படித்த காலத்தில் வேறு ஊரில் முழுநேர வேலையில் இருந்தது பார் கவுன்சிலில் வக்கீலாகப் பதிவு செய்யும் என்ரோல்மெண்டின்போது தெரிந்தால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான், மாமா இல்லை. அதைவிடப் பெரிய நஷ்டம், சிபிசி என்ற உரிமையியல் நடைமுறைச் சட்ட வகுப்பில் உட்காராமல் வந்தவருக்குப் பிளைன்ட், அதாவது வழக்கு மனு, எழுத வராது. கட்சிக்காரர் நம்பிக் கொடுத்த வழக்கு அங்கே வீணாகிறது, இதைக் கோர்ட்டில் பார்த்துப் பார்த்து மனது நொந்துபோயிருக்கிறேன்.

பணக் கவலை எனக்குப் புரிகிறது. அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவு. வகுப்பு முடிந்து சாயந்திரம் இரண்டு மணி நேரம் கணக்கு எழுதும் வேலை கிடைக்குமா என்று உங்கள் ஆடிட்டரிடமே கேளுங்கள். முடித்த பிறகு என்ரோல்மெண்ட் கட்டணமும் முன்புபோல் ஆயிரக்கணக்கில் இல்லை, பொதுப் பிரிவுக்கு 750, எஸ்.சி., எஸ்.டி.க்கு 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024இல் சொல்லிவிட்டது. அதற்கப்புறம் வக்கீல் தொழில் செய்ய அகில இந்திய பார் தேர்வு ஒன்று உண்டு, ஜிஎஸ்டி படித்த கைக்கு அது கஷ்டமில்லை.

தேனிப் பக்கம்:
அறிவிப்பு வருவதற்குள் டிகிரி சர்டிபிகேட், எல்லா செமஸ்டர் மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், டி.சி. நான்கையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அரியர் எழுதியவர்களுக்கு ஒருங்கிணைந்த மார்க் ஷீட் வரத் தாமதமாகும்.

விருதுநகர்க்காரன்:
என்னிடம் டிகிரியின் புரொவிஷனல் (தற்காலிகச்) சான்றிதழ் மட்டும்தான் இருக்கிறது. திங்கட்கிழமை காலேஜுக்குப் போய் மீதியைக் கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன்.