ஹாலே நகரத்து மச்சில் ஓர் ஓலை

ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறேன் என்றதும் பெர்லினா, மியூனிக்கா என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். ஹாலே என்றதும் விழித்தார்கள். தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் பொறையாற்றில் இருக்கும் என் தாத்தா மட்டும், "அட, சீகன்பால்கு ஊர்தானே!" என்றார். தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் நூல்களை அச்சிட்ட ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு. அவர் பிறந்தது புல்ஸ்னிட்ஸில், ஹாலே அவர் படித்த ஊர். நான் திருத்தவில்லை. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவரைத் திருத்தும் துணிச்சல் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது.

வந்த புதிதில் எல்லோரையும் போல நானும் சந்தைச் சதுக்கத்தையே சுற்றிக்கொண்டிருந்தேன். அங்கே ஐந்து கோபுரங்கள். சிவப்புக் கோபுரம் தனியே நிற்கிறது. மற்ற நான்கும் ஒரே தேவாலயத்துக்கு. ஒரு கோயிலுக்கு எதற்கு நான்கு என்று பல நாள் யோசித்திருக்கிறேன். பிறகுதான் தெரிந்தது: ஒரு காலத்தில் அங்கே இரண்டு தேவாலயங்கள் இருந்தன. 1529இல் தொடங்கிய வேலையில் இரண்டின் உடலையும் இடித்துவிட்டு, கோபுரங்களை மட்டும் விட்டுவைத்து, நடுவில் புதிய மண்டபத்தை எழுப்பியிருக்கிறார்கள். அதனால்தான் இரண்டு ஜோடிகளும் ஒன்றுக்கொன்று உறவில்லாதவை போல நிற்கின்றன. உள்ளே கிறிஸ்தவச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் இறந்தபோது முகத்தில் எடுத்த அச்சு இருக்கிறது. சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும், எனக்கு அதைப் பார்க்கப் பயமாகத்தான் இருந்தது. 1685இல் இசைமேதை ஹேண்டல் பிறந்த வீட்டுக்கும் போனேன். சங்கீத ஞானம் இல்லாததால் அரை மணியில் வெளியே வந்துவிட்டேன்.

நான் எழுத வந்தது பிராங்கே நிறுவனத்தைப் பற்றி. 1698இல் பிராங்கே என்ற பாதிரியார் அனாதைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது, ஒரு சிறு நகரம் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. முதல் தடவை ஒரு திங்கட்கிழமை போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். பிரதானக் கட்டடத்தின் படிகளில் மூச்சு வாங்க ஏறினால், கூரைக்கு அடியில் உள்ள மச்சில் விநோதப் பொருள்களின் அறை. ஓவியம் தீட்டிய மர அலமாரிகள். சங்கு, சிப்பி, பாம்பு. விட்டத்திலிருந்து தொங்கும் பாடம் செய்த முதலை. பதினெட்டாம் நூற்றாண்டில் பிள்ளைகளுக்கு உலகத்தைக் காட்டிய அறை இது.

ஓர் அலமாரியின் கண்ணாடிக்குப் பின்னால் பனையோலை. தமிழ் ஓலை! தரங்கம்பாடியிலிருந்து கப்பலேறி வந்தது.

அருகில் நின்ற முதிய அம்மையார், "இது உங்கள் எழுத்தா? வாசிக்க முடியுமா?" என்று ஜெர்மனில் கேட்டார். "ஓ, முடியுமே" என்று சொல்லிவிட்டேன். பிறகு குனிந்தேன். நிமிரவே மனம் வரவில்லை. சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. இது ரகரமா, துணைக்காலா? பிடிபடவில்லை. வியர்த்துவிட்டது.

அவர் விடவில்லை. தன் துண்டுப் பிரசுரத்தை நீட்டி, உங்கள் ஊர்ப் பெயரை எழுதுங்கள் என்றார். பொறையாறு என்றால் விளக்க வேண்டியிருக்கும் என்று 'தரங்கம்பாடி' என எழுதினேன். அவர் அதையும் ஓலையையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்கள் எழுத்தில் இரண்டு புள்ளிகள் இருக்கின்றன. இங்கே ஒன்றுகூட இல்லையே?"

ஒரு தமிழ் எழுத்தும் அறியாதவர் கண்ணில் பட்டது எனக்குப் படவில்லை! எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்பதால் விட்டுவிடுவார்கள் என்று பள்ளியில் படித்ததெல்லாம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மறுபடி குனிந்தபோது ஓரிடத்தில் 'எனறு' என்பது 'என்று' ஆனது. அவ்வளவுதான் என் சாதனை. அவருக்கு அது போதுமாக இருந்தது, கைகொடுத்தார்.

இந்த ஊரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள்தான் 1713இல் தரங்கம்பாடி அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அவை பருமனாகிப்போனதால் காகிதம் கட்டுப்படியாகாமல், அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். 1716இல் சீகன்பால்குவின் தமிழ் இலக்கணம் அச்சானதும் ஹாலேயில்தான். அப்படிப்பட்ட ஊரில் தமிழ்ப் பிள்ளை நான் தடுமாறி நின்றதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

அன்று ஓலையின் முதல் வரியை, தெரிந்தது தெரியாதது எல்லாவற்றையும் அப்படியே நோட்டில் வரைந்துகொண்டு வந்து, இரவு தாத்தாவுக்குப் படமெடுத்து அனுப்பினேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது.

"தம்பி, நாலாவது எழுத்தைத் தப்பாக வரைந்திருக்கிறாய். அது போகட்டும், அடுத்த வரி எங்கே?"

"நாளைக்குத் திங்கட்கிழமை தாத்தா, திறக்க மாட்டார்கள். செவ்வாய்க்கிழமை போய் எழுதி வருகிறேன்."

"பத்து மணிக்கே போய்விடு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.