திரும்பி வராத ஐந்து பிளென்ஹெய்ம்கள்

சிங்கப்பூரிலிருந்து:

அம்மம்மாவுக்கு ஊர் மட்டக்களப்பு. 1942 ஏப்ரல் 9 காலையில் கடல் பக்கமிருந்து இடி மாதிரிச் சத்தம் கேட்டதாகவும், அவவின் ஐயா பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தென்னந்தோப்புக்குள் ஓடியதாகவும் சொல்லுவா. ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலை ஜப்பானியர்கள் குண்டு போட்டு மூழ்கடித்த நாள் அது. அதில் 307 பேர் போன கதை எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அதே காலையில் அதே கடலுக்கு மேலே இன்னொரு கூட்டம் செத்தது எனக்கு நாற்பது வயது வரை தெரியாது.

கொழும்பில் குதிரைப் பந்தயத் திடலை விமானத்தளமாக்கி வைத்திருந்தார்கள். பிரிட்டிஷ் விமானப்படையின் 11ஆவது ஸ்குவாட்ரனைச் சேர்ந்த ஒன்பது பிளென்ஹெய்ம் குண்டுவீச்சு விமானங்கள் துணைக்கு ஒரு சண்டை விமானமும் இல்லாமல் போய், ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் கப்பல்களைக் கண்டுபிடித்தன. பக்கத்தில் குண்டு விழுந்து தண்ணீர் எழும்பிய பிறகுதான் அவரின் விமானந்தாங்கிக் கப்பலான அகாகியில் இருந்தவர்களுக்கு இவர்கள் வந்ததே தெரியும். ஆனால் ஒரு குண்டும் கப்பலில் படவில்லை. ஜப்பானியரின் ஜீரோ சண்டை விமானங்கள் துரத்தின. நான்கு பிளென்ஹெய்ம்கள் அங்கேயே விழுந்தன. ஐந்தாவது தப்பி வரும் வழியில், ஹெர்மிஸை மூழ்கடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த விமானங்களிடம் மாட்டிக்கொண்டது. அம்மம்மா கேட்ட சத்தத்துக்குக் காரணமான அதே விமானங்கள். இதை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

போன ஏப்ரலில் இங்கே கிராஞ்சியில் இருக்கும் போர் நினைவிடத்துக்குப் போனேன். கல்லறை இல்லாத 24,000-க்கு மேற்பட்டவர்களின் பெயர் அங்கே தூண்களில் இருக்கிறது. மேற்கூரை விமானச் சிறகு போல நீண்டு கிடக்கும். பிளென்ஹெய்மில் போவது மூன்றே பேர்: ஓட்டுபவர், வழி பார்த்துக் குண்டு போடுபவர், ரேடியோவும் பின் துப்பாக்கியும் பார்ப்பவர். மூன்று பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். அங்கே பதவி வாரியாகப் பொறித்திருக்கிறார்கள். அதிகாரி ஒரு தூணில், சார்ஜன்ட்கள் வேறொரு தூணில். ஒரே நெருப்பில் போனவர்களைச் சேர்த்துப் பார்க்க, கையில் தாளோடு வெயிலில் அங்குமிங்கும் நடந்தேன். ஒரு விமானத்துக்கு மூன்று பெயரும் கிடைத்ததும் சத்தமாக வாசித்தேன். பக்கத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்த தம்பி, தமிழ்ப் பையன், மெஷினை நிறுத்திவிட்டு நின்றான். "சொந்தக்காரங்களாண்ணே?" என்றான். இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை.

கொழும்பிலிருந்து:

அண்ணா எழுதிய அந்தத் திடலுக்குப் பக்கத்தில்தான் என் வேலை. இப்போது அங்கே கடைகள், சாப்பாட்டு இடங்கள், பின்னேரம் ஓட வருகிறவர்கள். நானும் மகளை அங்கே விளையாட விட்டிருக்கிறேன். நேற்று முதல் தடவையாக அந்தப் புல்லில் நின்று கிழக்கே பார்த்தேன். அந்தப் பிளென்ஹெய்ம்கள் கிளம்புவதற்கு நாலு நாளைக்கு முன்புதான் எதிரி விமானங்கள் இதே நகரத்தின் மேல் வந்து போயிருந்தன, ஈஸ்டர் ஞாயிறு. போகிற இடத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்தே ஏறியிருக்கிறார்கள். மகள் "என்னம்மா பார்க்கிறீங்கள்?" என்று கேட்டாள். சொன்னேன். ஏழு வயதுப் பிள்ளைக்குச் சொல்லலாமா என்று யோசிக்கவில்லை.

மட்டக்களப்பிலிருந்து:

நான் படகு ஓட்டுகிறவன். ஹெர்மிஸ் கிடக்கிற இடத்துக்குச் சுழியோடிகளை ஏற்றிப் போவேன். ஒருமுறை வெள்ளைக்கார அம்மா ஒருவர் இறங்கவில்லை, படகிலேயே இருந்து பூப் போட்டார். அவரின் பெரியப்பா அந்தக் கப்பலில் இருந்தவராம். கப்பலுக்கு இடம் இருக்கிறது, நாங்கள் கொண்டுபோய் விடுவோம். இந்த விமானக்காரரின் பெட்டைகள், பேரப்பிள்ளைகள் வந்து கேட்டால் எந்தப் பக்கம் படகைத் திருப்புவது?

அண்ணா, அந்தத் தாளில் எழுதின பெயர்களை எனக்கும் அனுப்புங்கள். அடுத்த ஏப்ரல் 9 நான் கடலில்தான் இருப்பேன்.