கிட்டார்ல ஜி-யில இருந்து சி-க்கு மாத்த எனக்கு ரெண்டு மாசம், ஒங்களுக்கு எவ்வளவு?

கொட்டகலையில இருந்து:
ஹட்டன் டவுன்ல பழைய கிட்டார் ஒண்ணு வாங்கினேன், கம்பி அவ்வளவு உசரம், அழுத்துனா விரல்ல கோடு விழுந்துரும். இஸ்தோப்புல உக்காந்து யூடியூப் பாத்து ஜி, சி, டி, இ மைனர்னு நாலு கோட் (chord, சில கம்பிய அமுக்கி எல்லாத்தையும் சேத்து தட்டுறது), நாலையும் ரெண்டு நாள்ல புடிச்சிட்டேன், ஆஹா வந்துருச்சுன்னு நெனச்சா ஒண்ண விட்டு இன்னொண்ணுக்கு போறப்பதான் வெளங்கிச்சு கதை. ஒவ்வொரு விரலா தேடித்தேடி வைப்பேன், அதுவரைக்கும் வலது கை சும்மா தொங்கிட்டு இருக்கும்.

எங்க மாமா மாசியில தோட்டத்துல ஆடுற காமன் கூத்துக்கு தப்பு அடிக்கிறவரு. ரெண்டு வாரம் பொறுத்துப் பாத்துட்டு ஒரு நாள் வந்து, "ஏன்டா தம்பி, நிப்பாட்டி நிப்பாட்டி அடிக்கிறியே, ஆடுறவன் கால தூக்கிக்கிட்டே நிப்பானா?"ன்னாரு. எடது கை வந்தா வரட்டும் வராட்டி போவட்டும், வலது கைய மட்டும் நிப்பாட்டாதன்னாரு. அவருக்கு கிட்டார்ல ஒண்ணுமே தெரியாது! அதுக்கப்புறம் தாளம் தட்டிக் காட்டுற மெட்ரோனோம நிமிசத்துக்கு 60-ல போட்டுட்டு நாலு தட்டுக்கு ஒரு கோட், மாத்துறப்ப கடைசியா கைய மேல இழுத்து தட்டுறதுல அமுக்காத வெறும் கம்பிதான் சத்தம் போடும், போட்டா போவுதுன்னு விட்டுட்டேன். பெறகு பாத்தா நல்லா வாசிக்கிறவங்களும் அப்புடித்தான் தட்டுறாங்க, வேகத்துல நமக்கு கேக்குறதில்ல. ஒரு நிமிசத்துல எத்தன தடவ மாத்துறேன்னு எண்ணுவேன், மொத நாள் 11.

பண்டாரவளையில இருந்து:
தம்பி, ஜி-சி-ய விட்டுட்டு மொதல்ல சி-யும் ஏ மைனரும் பழகியிருக்கலாமே. மோதிர விரல் மட்டுந்தான் நகரணும், மத்த ரெண்டும் இருந்த எடத்துலயே இருக்கும். நான் அது தெரியாம மூணு விரலையும் தூக்கித் தூக்கி வச்சி ஒரு மாசம் வீணாக்கினேன், யாரும் சொல்லித் தரல. புள்ளைங்க தூங்குனப்புறந்தான் நமக்கு நேரம், அதனால பிரிட்ஜ் கிட்ட, அதான் கிட்டார் ஒடம்புல கம்பி மாட்டியிருக்கிற எடத்துகிட்ட, கம்பிக்கு அடியில பழைய துணிய சொருகிட்டுதான் அடிப்பேன், டொக்கு டொக்குன்னு கேக்கும், ரிதம் பழக அதுவே போதும்.

நுவரெலியாவுல இருந்து:
இங்க காலையில விரலே மடங்காது, கைய தேத்தண்ணி கோப்பையில சூடு காட்டிட்டுத்தான் கிட்டார எடுக்கிறதே. எனக்கு மாட்டுனது பைலா, நம்ம நாட்டு ஆட்டப் பாட்டு. எல்லாத்துக்கும் ஒரே நாலு தட்டு அடிச்சி பழகிட்டேன், பைலா 6/8, ஆறு எண்ணணும், ஒண்ணுலயும் நாலுலயும் அழுத்தம். போன வருசம் கூட்டாளிமாரோட நானுஓயாவுல ரயில் ஏறி பதுளைக்கு போனப்ப எவனோ கிட்டார என் மடியில வச்சிட்டான். நான் ஆறு மாசம் பழகுன ஆளு, எஃப் இன்னும் ஏலாது, அது வர்ற எடத்துலயெல்லாம் கீழ் நாலு கம்பிய மட்டும் வச்சி எஃப் மேஜர் செவன் போட்டு சமாளிச்சேன். பட்டிப்பொல தாண்டி சுரங்கத்துக்குள்ள போச்சு, ஒரே இருட்டு, பெட்டியே ஹூ-ன்னு கத்துது, எடது கை எங்க இருக்குன்னே தெரியல. வலது கை பாட்டுக்கு ஆறு ஆறா போய்க்கிட்டே இருந்துச்சு. வெளிச்சம் வந்தப்ப பாத்தா நான் அமுக்குனது ஒரு கோட் கூட இல்ல, ஆனா தட்டுன கை எதுவும் நிக்கல மச்சான்.

கொட்டகலையில இருந்து:
ஹாஹா, இத மாமாகிட்ட வாசிச்சிக் காட்டுறேன். இப்ப நிமிசத்துக்கு 34 தடவ மாத்துறதுல நிக்கிறேன், ஆனா டி-க்கு போறப்ப இன்னும் மோதிர விரல்தான் லேட்டா வருது.