ஆர்.என்.ஏ.வைப் பிடிக்கும் புரதம்: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

குன்னூரிலிருந்து, திங்கள் இரவு

வணக்கம். தண்டுவட மரப்பு நோய் (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) உள்ளவர்களின் வீட்டாருக்காக ஒரு சிறு கையேட்டை மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். என் தங்கைக்கே இந்த நோய். சூடு ஏறினால் கண் மங்கி, கால் தளர்ந்துவிடுகிறது என்று சமவெளியை விட்டு எங்களோடு வந்துவிட்டாள். அவளுக்குப் புரிய வேண்டும், அதுதான் என் அளவுகோல்.

நோயெதிர்ப்பு அணுக்கள் நரம்பிழையைச் சுற்றியுள்ள மயலின் என்னும் கொழுப்பு உறையைத் தாக்குவது வரை எழுதிவிட்டேன். அப்புறம்தான் சிக்கல். நரம்பணு உள்ளிருந்தே நலிவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம் என்கிறார்கள். புரதம் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் ஆர்.என்.ஏ.வைப் பிடித்துக்கொண்டு அதை வெட்டி ஒட்டவும், உரிய இடம் சேர்க்கவும், எப்போது புரதமாக்குவது என்று முறைப்படுத்தவும் சில புரதங்கள் உண்டு. அதில் ஒன்று எச்.என்.ஆர்.என்.பி. ஏ1. பெரும்பாலும் செல்லின் உட்கருவில் இருக்க வேண்டியது. இந்த நோய் இருந்து இறந்தவர்களின் மூளையைக் கனடாவின் சஸ்காட்சுவான் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்தபோது, நரம்பணுக்களில் அது உட்கருவை விட்டு வெளியே வந்து கிடந்தது. நான் இந்த வகைப் புரதத்துக்கு ‘பிணைப்புப் புரதம்’, அது இடம் விட்டு வெளியே வருவதற்கு ‘இடப்பெயர்வு’ என்று எழுதி வைத்திருக்கிறேன், நெருக்கடியில் செல்லுக்குள் சேரும் ‘ஸ்ட்ரெஸ் கிரானியூல்’ என்பதற்கு ‘அழுத்தத் துகள்’. சரியா?

உதகையிலிருந்து

பிணைப்பு வேண்டாம் அம்மா. பிணை என்றால் ஜாமீன், பிணைத்தால் கட்டிப்போட்டதாகிவிடும். இந்தப் புரதம் பிடிக்கும், விடும், மறுபடி பிடிக்கும். ‘பற்றுபுரதம்’ என்று வையுங்கள், நடுவில் ப் போடாமல். அது வினைத்தொகை, வல்லினம் மிகாது. பற்றிய, பற்றுகிற, பற்றும் என்று மூன்று காலமும் உள்ளே நிற்கிறது, ஊறுகாய் மாதிரி. இந்த வேலைக்கு நம் இலக்கணத்தில் இதைவிடப் பொருத்தமான அமைப்பு கிடையாது. ‘பற்றுப்புரதம்’ என்று எழுதினால் பாசம் வைத்த புரதமாகிவிடும்.

கோத்தகிரியிலிருந்து

முதலில் நோயின் பெயரே தவறு. 1868இல் பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ இதை விவரித்தபோது, மூளையிலும் தண்டுவடத்திலும் திட்டுத்திட்டாக இறுகிய தழும்புகளைத்தான் சொன்னார். ஸ்கிளிரோசிஸ் என்பதன் கிரேக்க மூலத்துக்குக் கடினம் என்றுதான் பொருள். பார்வை நரம்பும் கெடுகிறது. இதைத் தண்டுவடத்தில் அடைப்பது எப்படி? மரப்பு என்பது உணர்ச்சி அற்றுப்போதல். ‘பல்தழும்பு நோய்’ என்றே எழுத வேண்டும்.

பற்று என்றால் வங்கிக் கணக்கில் கழிக்கும் தொகை. ‘தழுவுபுரதம்’ என் தேர்வு. ஏறுதழுவுதலை எண்ணிப் பாருங்கள், திமிலைப் பிடிப்பவன் மாட்டோடு கொஞ்ச தூரம் ஓடி விட்டுவிடுகிறான். கலித்தொகையின் முல்லைப் பகுதியில் பல பாடல்களில் இந்தக் காட்சிதான். தழு, தழை, தழும்பு எல்லாம் ஒரே வேர் என்றுகூட எனக்குத் தோன்றுகிறது, அதைத் தனி மடலில் எழுதுகிறேன். இடப்பெயர்வுக்கு ‘இடப்பிறழ்வு’. கயல் பிறழ்வது என்று பழம்பாடல்களில் வருமே, அந்தப் பிறழ்தல்.

கூடலூரிலிருந்து

இடப்பெயர்வு வேண்டவே வேண்டாம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பம் எங்களுடையது. இங்கே அந்தச் சொல் எங்களைக் குறிக்கும். கெட்டுப்போன புரதத்துக்கு அதை வைத்தால், கையேட்டை வாசிக்கும் எங்கள் பெரியவர்களுக்கு வலிக்கும். இன்னொன்று, பாட்டி வீட்டுப் பழைய இலங்கைப் பாடநூலில் செல் என்பது கலம், உட்கருவைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசம் என்பது குழியவுரு. நல்ல சொற்கள். ஆனால் இங்கே படித்த பிள்ளைகளுக்குத் தெரியாது என்பதால் வற்புறுத்தவில்லை.

கொடைக்கானலிலிருந்து

அழுத்தம் என்றால் எல்லோரும் ரத்த அழுத்தத்தை நினைப்பார்கள், இல்லையென்றால் மன அழுத்தத்தை. உறைபனி விழும் இரவில் நாற்றங்காலை மூடி வைக்கிறோம், வெயில் வந்ததும் எடுத்துவிடுகிறோம். செல்லும் அப்படித்தான். நெருக்கடி வந்தால் சில ஆர்.என்.ஏ.க்களைப் புரதங்களோடு சேர்த்து ஓரமாகத் திரட்டி வைத்து, புரத உற்பத்தியை நிறுத்திக்கொள்கிறது. நெருக்கடி தீர்ந்தால் திரள் கரைய வேண்டும். கரையாமல் தங்கிவிட்டால், மூடியே கிடந்த நாற்று மாதிரி செல் நலியும். அதனால் ‘நெருக்கடித் திரள்’. துகள் என்றால் கரையும் என்று தோன்றாது.

குன்னூரிலிருந்து, புதன் இரவு

எல்லாருக்கும் நன்றி. தங்கையிடம் வாசித்துக் காட்டினேன். ‘பிறழ்வு’ வந்த இடத்தில் நிறுத்தி, “எனக்கு மனசு சரியில்லைன்னு எழுதியிருக்காங்களா?” என்று கேட்டாள். மனப்பிறழ்வு என்று எங்கோ படித்திருக்கிறாள். மீன் பிறழ்வது அவளுக்கு நினைவு வரவில்லை ஐயா, மன்னிக்க வேண்டும். ‘இடந்தவறல்’ என்று மாற்றிவிட்டேன். நெருக்கடித் திரள் உடனே புரிந்தது. பற்றுபுரதம் இரண்டு தடவை வாசித்தாள், பிறகு விரலை மடக்கித் திறந்து காட்டினாள். தழுவலுக்கு ஒருவர்தான், எனவே பற்றுபுரதமே போகிறது. ஆர்.என்.ஏ. அப்படியே இருக்கும், மருத்துவர் சொல்வதும் அதைத்தான். நோயின் பெயரை இப்போது மாற்றினால் வீட்டார் தேடும்போது எதுவும் கிடைக்காது.

கோத்தகிரியிலிருந்து

தழுவலை விட்டுவிடுகிறேன், தங்கைக்குப் புரிந்ததே போதும். ஆனால் மரப்பு என்பதை ஒப்பவில்லை. மூளையும் கண்ணும் அந்தப் பெயருக்குள் இல்லை. கையேட்டின் முதல் பக்கத்தில் அதை ஒரு வரியாவது சொல்லிவிடுங்கள்.