புதுப்பிப்பு: டகோமாவில் 35 அங்குல டயருக்கு 4.88 கியர்

டயரை 35 அங்குலமாக்கிய என் வண்டிக்கு ஆக்ஸில் கியர் ரேஷியோ (சக்கரம் ஒரு சுற்று சுற்ற டிரைவ்ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றும் என்ற எண்; எண் கூடினால் இழுவை கூடும்) 4.56-ஆ, 4.88-ஆ என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வண்டி 2012 டொயோட்டா டகோமா பிக்கப், வி6 ஆட்டோமேட்டிக், கம்பெனி ரேஷியோ 3.73. 30.6 அங்குல டயரைக் கழற்றி 35 போட்டதும் ஐந்தாவது கியர் நிற்கவே இல்லை, கீழ் கியருக்கு இறங்கிக்கொண்டே இருந்தது. டயர் விட்டக் கணக்குப்படி (3.73 × 35 ÷ 30.6) 4.27 போதும். ஆனால் டயரின் எடையும் காற்றுத்தடையும் அந்தக் கணக்கில் வராது, கொலராடோ மலைக்கு 4.88தான் என்றவர் சொன்னதே பலித்தது. முன், பின் இரண்டு ஆக்ஸிலிலும் மாற்றியாச்சு. மணிக்கு 65 மைலில் இன்ஜின் சுமார் 2,180 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று). கொலராடோவின் ஐசன்ஹவர் சுரங்கப்பாதை ஏற்றத்தில்கூட முன்போலத் திணறுவதில்லை. பெட்ரோல் செலவு பற்றிக் கேட்காதீர்கள்.

எதிர்பாராத ஒன்று: ஸ்பீடோமீட்டர் பிழை அப்படியே இருக்கிறது. இந்த வண்டி வேகத்தைச் சக்கர சென்சாரில் எடுப்பதால் டயர் அளவுதான் அதைப் பாதிக்கும், கியர் அல்ல. 60 காட்டினால் நிஜத்தில் 68. அப்புறம், புது கியர் போட்டால் முதல் 500 மைலில் ஆக்ஸிலின் கியர் ஆயிலை மாற்றிவிடுங்கள்.